அத்தையின் அண்ணன்

நவம்பர் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

வந்து சேர்ந்து ஒன்பது நாள் ஆகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை, மூக்கு மட்டும் இந்தக் குளிரில் எனக்குச் சொந்தமில்லாதது போல இருக்கிறது. உன் முதுகுவலி எப்படி? அண்ணி கால்வீக்க மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறார்களா, இல்லை வழக்கம்போல டப்பாவை அலமாரிக்கு அழகாக வைத்திருக்கிறார்களா?

வீட்டில் போன் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறவனுக்குத் தங்கையாகப் பிறந்துவிட்டேன். எல்லாவற்றையும் எழுதித்தான் தீர வேண்டும். நீ சிவப்புப் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டுதான் இதைப் பிரிப்பாய் என்பதும் தெரியும். அச்சகத்தில் முப்பது வருஷமாகப் பிழை திருத்துகிற கை வீட்டுக்கு வந்தால் சும்மா இருக்குமா? திருத்து, திருத்து.

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இருபது வருஷம் குப்பை கொட்டியாயிற்று, ஆறு மாசம் லீவு போட்டுவிட்டு வேறு ஏதாவது செய்வோம் என்றுதானே கடல் தாண்டி இந்தக் குழந்தைகள் இல்லத்துக்குத் தொண்டு செய்ய வந்தேன்? வந்த அன்றே பொறுப்பாளரம்மா என்னிடம் கேட்டார், “உங்களுக்கு என்ன வேலை தெரியும்?” (இடுப்பில் எந்நேரமும் சாவிக்கொத்து. நான் அவருக்கு வைத்த பெயரும் அதுவே.) வாய் சும்மா இருக்காமல் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். நேராகச் சலவை அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். தலையெழுத்து!

ஆனால் அண்ணா, அந்த அறையைப் பார்த்து மலைத்துப் போனேன். நாற்பத்தொரு குழந்தைகள். எண்பத்திரண்டு காலுறைகள் கோடியில் தொங்குகின்றன. ஒவ்வொரு துணியிலும் உள்பக்கம் ஒரு நாடா தைத்து எண் போட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பிலும் எண் உண்டு, அது யாருடையது என்று யார் கவலைப்பட்டார்கள்? இங்கே ஒரு வாரத்தில் துணியைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுகிறேன். பதினொன்று சட்டைக்கை நுனியைக் கடிக்கும். இருபத்தாறு எப்போது விழுந்தாலும் இடது முட்டியில்தான் விழும். முப்பத்துமூன்றின் பையில் தினமும் ஒரு ரொட்டித் துண்டு இருக்கும். வந்து ஒரு வருஷமாகியும், நாளைக்குச் சாப்பாடு உண்டு என்று அதற்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. நான் ரொட்டியை எடுத்து வைத்து, பையைத் துவைத்து, மறுபடி உள்ளேயே போட்டுவிடுகிறேன்.

என்னை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டார்கள். இவர்கள் பாஷையில் (அரைகுறையாகப் பேசிச் சமாளிக்கிறேன்) அத்தை, சித்தி, பெரியம்மா, மாமி எல்லாருக்கும் ஒரே சொல்தான். எதிர்வீட்டு அம்மாவுக்கும் அதே. எனக்கு அது ஒட்டவில்லை. “அத்தைன்னு கூப்பிடுங்க” என்று சொல்லிவிட்டேன். ஏன் அந்தச் சொல் வாயில் வந்தது என்று கேட்காதே. நாற்பத்தொரு பேர் “அத்தே, அத்தே” என்று கத்தும்போது கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அண்ணியிடம் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை
வாலு


நவம்பர் 14

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே இருவரும் சௌக்கியம். முதுகுவலி என்னை விட்டுப் போவதாக இல்லை, அவ்வளவு விசுவாசம். நீ காதை மூடிக் கம்பளி கட்டிக்கொள். மூக்கு உன்னுடையதுதான், பத்திரம்.

உன் கடிதத்தில் ஒரே ஒரு பிழை. எண்பத்திரண்டு காலுறைகள் ‘கோடியில்’ தொங்குவதாக எழுதியிருக்கிறாய். அது கொடி. உலகத்தின் எந்தக் கோடி என்று சற்று நேரம் யோசித்துவிட்டேன். மற்றபடி முன்னேற்றம் தெரிகிறது.

அச்சகத்தில் பாடப்புத்தக வேலை நடக்கிறது. ஆறாம் வகுப்பு அறிவியலில் ‘இதயம் நான்கு அறைகளைக் கொண்டது’ என்பதற்கு ‘நான்கு அரைகளை’ என்று கோத்திருந்தார்கள். விட்டிருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு முழு இதயம் ஆகியிருக்கும். முதலாளி கைகொடுத்தார். சம்பளம் கொடுத்திருக்கலாம்.

நீ எழுதிய மற்ற விஷயங்களுக்குப் பதில் சொல்ல ஒன்றும் இல்லை. அண்ணி உன் கடிதத்தை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். மூன்று முறை படித்தாள் போலிருக்கிறது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நான் துடைத்தேன்.

குளிரில் வெளியே சுற்றாதே.

உன் அண்ணன்


நவம்பர் 26

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலம்தானே? ஒரு காரியம் நடந்துவிட்டது. திட்டுவதை முழுக்கப் படித்த பிறகு வைத்துக்கொள்.

இங்கே பதினேழாம் எண் ஒரு பெண் குழந்தை. எட்டு வயசு. எதற்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி, அதனால் எனக்கு அவள் வக்கீல். இல்லத்துக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. அப்பா எங்கே என்று யாருக்கும் தெரியாது. பார்க்க ஒரு ஆள் வந்ததில்லை. சாயங்காலம் காலுறை ஜோடி சேர்க்க என்னிடம் வந்துவிடுவாள். போன வாரம் கேட்டாள்:

“அத்தைன்னா யாரு?”

“அப்பாகூடப் பிறந்தவ.”

“வேற யாரையும் அப்படிக் கூப்பிட மாட்டாங்களா?”

“மாட்டாங்க. எங்க பாஷையில ஒவ்வொரு உறவுக்கும் தனித்தனியா சொல்லு இருக்கு.” பெருமையாகத்தான் சொன்னேன்.

“உனக்கு அண்ணன் தம்பி இருக்காங்களா?”

“ஒரே ஒரு அண்ணன்.”

ஒற்றைக் காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு தீர்ப்பு சொன்னாள். “அப்ப அவருதான் என் அப்பா.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. “நீ என்னைத் தேடித்தான் இவ்ளோ தூரம் வந்தியா?” என்றாள். அண்ணா, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. “சாக்ஸை மடி” என்றேன். அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

இந்த இல்லத்தில் கிறிஸ்துமஸ் மத்தியானம் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு குழந்தையும் ஒருவரை விருந்துக்கு அழைக்கலாம். யாரை வேண்டுமானாலும். கடிதம் எழுதினால் ஆபீசில் ஸ்டாம்பு ஒட்டி அனுப்புவார்கள். குழந்தைக்குப் பக்கத்தில் விருந்தாளிக்கு ஒரு நாற்காலி, அதன்மேல் பெயர் எழுதிய அட்டை. வக்கீல் இரண்டு வருஷமும் தனக்கு நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டவள். இந்த வருஷம் வரிசையில் முதல் ஆளாக நின்று கேட்டு வாங்கினாள்.

யாரை அழைத்திருக்கிறாள் என்று புரிந்திருக்கும். உன் கடிதத்தின் உறையில் நீ எழுதிய அனுப்புநர் முகவரியைப் பார்த்து, இஸ்திரி மேசைக்கு அடியில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க வரைந்தாள். எழுதவில்லை, வரைந்தாள். எது எழுத்தின் தலை, எது கால் என்றுகூட அவளுக்குத் தெரியாது. நான் துணியை மடித்தபடி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். நம் எழுத்து இவ்வளவு அழகானதா என்று நாற்பத்தாறு வயசில் எனக்கு ஒரு எட்டு வயசுக் குழந்தை காட்டிக்கொடுத்தது. நாட்டின் பெயரை மட்டும் ஆபீசில் சேர்த்துக்கொண்டார்கள்.

தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. தபால் போய்விட்டது. அவளுக்கு என்ன சொல்ல வேண்டுமோ நீயே எழுது. என்னால் முடியவில்லை.

வாலு


டிசம்பர் 6

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். உன் அண்ணனுக்குத் தெரியாது. நாங்கள் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் உன் சுகத்தைக் கேட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தக் குழந்தையின் கடிதமும் உன் கடிதமும் முந்தாநாள் ஒன்றாக வந்தன. உன் அண்ணன் முதலில் அவள் உறையைத்தான் எடுத்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். அச்சகத்துப் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்தார். அவர் பேனா ‘ண’வில் மை தீர்ந்து இழுத்திருந்ததாம், அந்த இழுப்பையும் அவள் போட்டிருக்கிறாள். தபால் முத்திரையின் பாதி வட்டத்தையும் விடவில்லை. “முப்பது வருஷத்துல இப்படி ஒரு படி பார்த்ததில்ல. ஒரு புள்ளி பிசகலையே!” என்றார்.

அப்புறம் பிரித்தார். அவள் எழுதிய மூன்று வரிக்குக் கீழே நீ பென்சிலால் தமிழில் எழுதியிருந்தாய். ‘அப்பா, கிறிஸ்துமஸுக்கு மத்தியானம் வாங்க. உங்களுக்கு நாற்காலி இருக்கு. நான் பதினேழு.’ மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

நீயும் நானும் அவரும் இதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. இன்றைக்குப் பேசிவிடுகிறேன். பதினொரு வருஷத்துக்கு முன்னால் நம் ஊர்க் குழந்தைகள் இல்லத்தில் நாலு வயசுப் பெண்ணை நாங்கள் எடுத்துக்கொள்வதாக எல்லாம் முடிவாகி, கையெழுத்துப் போடப் போனோமே, அந்த நாள். படிவத்தில் ‘தந்தை’ என்கிற இடத்தில் ‘தந்தி’ என்று டைப் அடித்திருந்தது. உன் அண்ணன் பேனாவை மூடிவிட்டார். “நான் தந்தி இல்லைங்க, திருத்தி அடிச்சு வைங்க. அடுத்த வாரம் வரோம்” என்றார். ஆபீசில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். படியில் அந்தப் பிள்ளை தலைவாரிப் பூப்போட்ட கவுன் போட்டு உட்கார்ந்திருந்தது. அதனிடமும், “வரோம்” என்று சொல்லிவிட்டு வந்தோம்.

அடுத்த வாரம் அவர் புறப்படவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். கையெழுத்துப் போடப் போன அன்றைக்கு நீ நம் வீட்டு வாசலில், “அத்தை வந்திருக்கேன்” என்று சொல்லிக்கொண்டு நின்றிருந்தாய். வெறும் கையோடு திரும்பி வந்த எங்களைப் பார்த்தாய். அப்புறம் அந்தச் சொல்லை இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் குழந்தையை நினைத்துத்தான் கவலை.

அன்புடன்
அண்ணி


டிசம்பர் 11

தங்கைக்கு,

நலம் விசாரிக்க இன்று மனசு இல்லை.

நீ செய்தது சரியில்லை. அத்தை என்றால் அப்பாவோடு பிறந்தவள் மட்டுமில்லை, மாமாவின் மனைவியும் அத்தை, மாமியாரும் அத்தைதான். மூன்று பொருளையும் சொல்லியிருந்தால் அந்தக் குழந்தை இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டாள். ஒன்றை மட்டும் சொன்னாய். உன் ஆசையைச் சொன்னாய்.

உள்ளே இருப்பது அவளுக்கு. ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல் அவள் பாஷையில் சொல். இனிப்பு தடவாதே.

அண்ணன்

(உள்ளே வைத்திருந்த தாள்)

பதினேழாம் எண் குழந்தைக்கு,

உன் அழைப்பு கிடைத்தது. முகவரியில் ஒரு பிழையும் இல்லை. நான் பிழை பார்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவன். அதனால் இதை நீ நம்பலாம்.

நான் உன் அப்பா இல்லை. என் தங்கை உன்னைத் தேடி வரவில்லை, துணி துவைக்க வந்தாள். வந்த இடத்தில் உன்னைப் பார்த்தாள், உன் மேல் ஆசை வைத்துவிட்டாள். அது நிஜம்.

நாற்காலிக்கு நன்றி. என்னால் வர முடியாது. வருகிறேன் என்று எழுதினால் கிறிஸ்துமஸ் வரைக்கும் நீ சந்தோஷமாக இருப்பாய் என்று தெரியும். பதினொரு வருஷத்துக்கு முன்னால் உன்னை விடச் சின்னப் பெண் ஒருத்தியிடம் அப்படிச் சொன்னேன். அவளுக்கு அப்பாவாக இருக்கத்தான் போனேன். பயம் வந்துவிட்டது. எழுத்துப் பிழை என்று ஒரு சாக்குச் சொல்லிவிட்டு வந்தேன், திரும்பப் போகவில்லை. அது சாக்குதான் என்று என் வீட்டில்கூட நான் சொன்னதில்லை. உன்னிடம் ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை. உன் எழுத்தைப் பார்த்த பிறகு பொய் எழுத வரவில்லை.

அத்தையின் அண்ணன்


டிசம்பர் 17

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. சலவை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இருபது வருஷமாகப் பிறர் அழுக்கைத் துவைத்த எனக்கு அண்ணன் மனசில் இருந்தது தெரியவில்லையே. உங்கள் கால்வீக்கம் வடிந்ததா?

அண்ணனிடமிருந்து இன்னும் எதுவும் வரவில்லை. இங்கே நாற்காலிகளைத் துடைத்து அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். வக்கீல் தன்னுடையதைத் தானே சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினாள். “அவரு உயரமா? கால் இடிக்குமா?” என்கிறாள். மூன்று முறை சொல்லிவிட வாயெடுத்தேன். மூன்று முறையும் வேறு ஏதோ பேசினேன்.

சாவிக்கொத்து என்னை ஆபீசில் நிற்க வைத்துவிட்டார். “பொய்யை நீங்க சொல்லல, சரி. பேசாம இருந்தீங்களே, அது மட்டும் என்னவாம்? கிறிஸ்துமஸுக்குள்ள அவகிட்ட சொல்றீங்க. இல்லன்னா நான் சொல்றேன்” என்றார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. இருபத்துமூன்றாம் தேதி வரைக்கும் தவணை கேட்டிருக்கிறேன்.

அன்புடன்
வாலு


டிசம்பர் 27

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்பு நலம், மனசைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். சிவப்புப் பேனாவைத் தூர வைத்துவிட்டுப் படி.

உன் கடிதம் சரியாக இருபத்துமூன்றாம் தேதி காலையில் வந்தது. வக்கீலை இஸ்திரி மேசை மேல் உட்கார வைத்து, நீ சொன்னபடியே ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். ‘நான் உன் அப்பா இல்லை’ என்ற இடத்தில் நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தேன். “மேல படி” என்றாள். கடைசி வரை கேட்டாள். இறங்கிப் போய்விட்டாள்.

இரண்டு நாள் என்னோடு பேச்சு இல்லை. கூடையில் இருந்த பதினேழாம் எண் துணிகளை எல்லாம் பொறுக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் தானே துவைத்தாள். அந்தக் குளிர்ந்த தண்ணீரில் விரலெல்லாம் சிவந்துவிட்டது. நான் கிட்டே போனால் முதுகைக் காட்டினாள். எனக்கு வேண்டியதுதான்.

கிறிஸ்துமஸ் மத்தியானம் கூடத்துக் கதவைத் திறந்தார்கள். என்னவென்று சொல்வேன் அண்ணா! நீள நீளமாக மேசை, நாற்பத்தொரு குழந்தைகள், பக்கத்தில் நாற்பத்தொரு நாற்காலிகள். வந்தவர்களைப் பார்க்க வேண்டுமே. பள்ளிக்கூட பஸ் டிரைவர் சட்டைப் பித்தானை எல்லாம் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். முப்பத்துமூன்று, போன மாசம் தன் பல்லைப் பிடுங்கிய டாக்டரையே அழைத்திருந்தது; அந்த மனுஷர் மாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பையனின் அம்மா நிஜமாகவே வந்திருந்தாள். சாப்பிட்டு முடியும்வரை அவன் கையை விடவில்லை, இடது கையாலேயே சாப்பிட்டாள்.

ஐந்து நாற்காலிகள் காலி. அவற்றை எடுக்க மாட்டார்கள். வராதவருக்கும் தட்டு வைத்துப் பரிமாற வேண்டும், அதுதான் இங்கே சட்டம். சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாக் குழந்தைகளும் எழுந்து பாடின. பாட்டில் பாதிதான் எனக்குப் புரிந்தது. காலி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்ற ஐந்தும் மற்றவர்களோடு சேர்ந்து அதே சத்தமாகப் பாடின. நான் சாமி கும்பிடுகிறவள் இல்லை, உனக்குத் தெரியும். என் கை தானாகக் குவிந்துவிட்டது.

வக்கீல் நாற்காலியை எடுக்கச் சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். அது அங்கேயே இருந்தது. அட்டை மட்டும் வெறுமையாக இருந்தது. பரிமாறிக்கொண்டு போன என் ஏப்ரனைப் பின்னாலிருந்து யாரோ இழுத்தார்கள்.

“அந்தப் பொண்ணு இப்ப எங்க?”

“எந்தப் பொண்ணு?”

“உன் அண்ணன் வரேன்னு சொல்லிட்டுப் போகாத பொண்ணு.”

“தெரியலையேம்மா.”

“அப்புறம் அவளைக் கூட்டிட்டுப் போக வேற யாராவது வந்தாங்களா?”

“தெரியல.”

“அவ பேராவது சொல்லு. அட்டையில எழுதணும். என் நாற்காலிக்கு அவளைக் கூப்பிட்டிருக்கேன்.”

தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். பெயர் எனக்குத் தெரியவில்லை அண்ணா. ஒரு காலத்தில் தெரிந்திருக்க வேண்டும், மறந்துவிட்டேன். பதினொரு வருஷமாக நான் உன் மேல் கோபமாக இருந்தேன், என்னை அத்தையாக்கவில்லை என்று. அந்தக் கோபத்தைச் சுமந்துகொண்டுதான் கடல் தாண்டி வந்தேன். அந்த இல்லம் நம் வீட்டிலிருந்து பஸ்ஸில் நாற்பது நிமிஷம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தப் பிள்ளை என்ன ஆயிற்று என்று நான் போய்ப் பார்த்ததில்லை. நமக்கு நம் வருத்தம்தான் பெரிதாக இருந்தது. யாரும் கேட்காத கேள்வியை, ஏமாந்துபோய் இரண்டு நாள் எனக்கு முதுகைக் காட்டிய ஒரு குழந்தை கேட்கிறது.

வெற்று அட்டைக்கு முன்னால் தட்டு வைத்துப் பரிமாறினேன். அவள் அந்த நாற்காலியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டே சாப்பிட்டாள்.

போய்ப் பார் என்று உனக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவள் கேட்டதை எழுதிவிட்டேன்.

வாலு


ஜனவரி 12

அன்புள்ள நாத்தனாருக்கு,

சுகம்தானே? உன் கடிதம் புதன்கிழமை வந்தது. உன் அண்ணன் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். சிவப்புப் பேனாவைத் தொடவே இல்லை. ஏழு பிழை இருந்தது, நானே எண்ணினேன்.

நேற்று ஞாயிறு. இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு மத்தியானம் வெளியே கிளம்பினார். எங்கே என்று நான் கேட்கவில்லை. ஐந்து மணிக்குத் திரும்பி வந்து செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்தார். “அந்த இல்லத்து கேட் வரைக்கும் போனேன். உள்ள போகல” என்றார். பிறகு செருப்பைக் கழற்றிக்கொண்டே, “தனியா முடியல. அடுத்த வாரம் நீயும் வா” என்றார்.

இந்த முறை நான் பேசாமல் இருக்கப்போவதில்லை.

அண்ணி


ஜனவரி 23

அன்புள்ள அண்ணி, அண்ணன் இருவருக்கும்,

நான் நலம். தபால்காரர் வரும் நேரத்துக்கு ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய் நிற்கிறேன். வக்கீலும் கூடவே வந்து நிற்கிறாள்.

என்னோடு ராசியாகிவிட்டாள், ஒரு நிபந்தனையின் பேரில். “அத்தைன்னே கூப்பிடறேன். ஆனா அண்ணன் வேண்டாம்” என்கிறாள். அண்ணன் இல்லாத அத்தை எந்த அகராதியில் இருக்கிறாள் என்று, அண்ணா, நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும். தன் துணிகளையும் கூடையில் திரும்பப் போட்டுவிட்டாள்.

அட்டையை மட்டும் குப்பையில் போட விடவில்லை. பத்திரமாக வைத்திருக்கிறாள். பெயர் கிடைத்ததா என்று தினமும் கேட்கிறாள்.

வாலு


பிப்ரவரி 8

அன்புள்ள வாலுவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். என் முதுகும் அப்படியே. நீயும் உன் வக்கீலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அவள் அங்கேதான் இருக்கிறாள். யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை. பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பெயரைத் தனிச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன், அந்தக் குழந்தையிடம் கொடு. அட்டையில் எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டுத்தான் எழுதினேன். “வெளிநாட்டுல எனக்கு ஒரு நாற்காலியா?” என்று ஆச்சரியப்பட்டாள். அது ஒன்றுக்குத்தான் சிரித்தாள்.

முதல் ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். பார்வையாளர் அறையில் ஒரு நீள பெஞ்சு, ஒரு கடிகாரம். கையில் ஜியாமெட்ரி பாக்ஸோடு வந்தாள். என் தோள் உயரம் இருக்கிறாள். நாங்கள் யார் என்று எப்படி ஆரம்பிப்பது என்று தவித்துக்கொண்டிருந்தோம். அவளே சொன்னாள்.

“நீங்க அன்னைக்குப் பச்சைச் சட்டை போட்டிருந்தீங்க. அம்மா கையில ஒரு பை இருந்துச்சு. அதுக்குள்ள எனக்குத்தான் ஏதோ இருக்குன்னு நெனச்சேன்.”

நாலு வயசில் பார்த்தது வாலு! அண்ணி, “உனக்குத்தாம்மா இருந்துச்சு” என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். எனக்குத் தெரிந்த அத்தனை சொல்லையும் தேடினேன். “மன்னிச்சிடும்மா” என்றேன். அது காதில் விழுந்ததாக அவள் காட்டிக்கொள்ளவில்லை. கணக்கு நோட்டில் ஒரு வட்டத்தைப் போட்டு முடித்தாள். ஐந்து மணி அடித்தது. எழுந்தோம். பழக்க தோஷம், “அப்ப நாங்க வரோம்மா” என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். “வர்றதா இருந்தா வாங்க. ஞாயித்துக்கிழமை மூணுலேருந்து அஞ்சு. வரோம்னு சொல்லிட்டு மட்டும் போகாதீங்க” என்றாள்.

‘போகிறேன்’ என்று சொல்லக் கூடாது என்று ‘வருகிறேன்’ என்றே சொல்லிப் பழகிய ஜனம் நாம். கேட்டுக்கொண்டிருப்பவர் அதை நம்பிப் படியில் உட்கார்ந்திருக்கலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. சொல்லுக்குப் பொருள் பார்த்தே பிழைக்கிறவன் நான்.

அன்று ஒன்றும் சொல்லாமல் வந்தோம். அடுத்த ஞாயிறு போனோம். அதற்கடுத்த ஞாயிறும் போனோம். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருகிறோம் என்று நாங்கள் கேட்கவில்லை, அதைக் கேட்கும் உரிமையை நான் அன்றே விட்டுவிட்டேன். அவளுக்குத் தமிழில் சந்தி வராது. நான் சொல்லித் தருகிறேன். எனக்கு வட்டத்தின் பரப்பளவு வராது. அவள் சொல்லித் தருகிறாள், முட்டாளுக்குச் சொல்வது போல.

உள்ளே போகும் முன் பதிவேட்டில் எழுத வேண்டும். பெயர், நேரம், அப்புறம் ‘உறவு’ என்று ஒரு கட்டம். மூன்று வாரமும் அதை வெறுமையாக விட்டேன். இன்று நாலாவது வாரம், காவலாளி பிடித்துக்கொண்டார். “இதை நிரப்பாம உள்ள விடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க சார்” என்றார். பேனாவை வைத்துக்கொண்டு நிற்கிறேன், ஒரு சொல் வரவில்லை. மூன்று அடித்துவிட்டதே, இன்னும் ஆளைக் காணோமே என்று அவளே வாசலுக்கு வந்துவிட்டாள். கட்டத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்து பேனாவை வாங்கி எழுதிவிட்டு, “சீக்கிரம் வாங்க, நாளைக்குப் பரீட்சை” என்று உள்ளே போய்விட்டாள்.

‘தெரிந்தவர்’ என்று எழுதியிருந்தாள்.

எழுத்துப் பிழை இல்லை, வாலு. பொருட்பிழையும் இல்லை. பின்னால் நின்றவர், “கொஞ்சம் நகருங்க சார்” என்று சொல்லும்வரை நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

உன் அண்ணன்